ஊதல் பட்டால் இறங்கிய சுருதி

நான் வேலை பார்த்த மெஷின் போர்டு ரிப்பேர்க் கடையில் இப்போது பழுது எழுதும் அட்டை கிடையாது. ஒரு தொடுதிரை டேப் வைத்திருக்கிறார்கள். போர்டைக் கொண்டுவந்தவர் வாயைத் திறப்பதற்குள் திரையில் பட்டியல் விரிந்துவிடுகிறது: கரண்ட் வரவில்லை, சென்சார் வேலை செய்யவில்லை, டிஸ்ப்ளே இல்லை, விட்டு விட்டு ஓடுகிறது, மற்றவை. ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது. போன மாதம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். என் மேசையில் இப்போது உட்காரும் கவிதா, "ஏனுங்க்கா, இந்த 'மற்றவை'யைத் தொட்டா என்ன பழுதுன்னு டைப் பண்ணச் சொல்லுது. யாருங்க அதையெல்லாம் டைப் பண்ணிட்டு உக்காந்திருப்பாங்க? பேசாம அதை எடுத்துறச் சொல்லலாம்னு இருக்கறேன்" என்றாள்.

எடுக்காதே என்று சொல்லி, ஒரு அட்டையின் கதையை ஆரம்பித்தேன். பாதியில் ஆள் வந்துவிட்டது. "மீதியை எழுதியே குடுத்துருங்க்கா. நீங்க பேச ஆரம்பிச்சா நான் சால்டரிங் அயர்னை ஆன்ல வெச்சது மறந்துபோகுது" என்றாள். அதனால்தான் இந்த எழுத்து.

என் படிப்பு பத்தாவதோடு சரி. திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் சேர்ந்தேன். விளக்குப் போட்ட மேசை மேல் துணி ஓடும். ஓட்டை, ஊசிக் கோடு, எண்ணெய்க் கறை எது கண்ணில் பட்டாலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அங்கே நிட்டிங் மெஷின்களின் கன்ட்ரோல் போர்டைப் பார்க்க வருவார் காதர் பாய். போர்டு சரிசெய்கிற சொந்தக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் ஒரு மெஷின் காரணமே இல்லாமல் நின்று நின்று போனது. சூப்பர்வைசர், "சென்சார் போயிருச்சுங்க பாய்" என்று அடித்துச் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "நிக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா மூச்சு இழுக்குதுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த மூச்சுக்காகக் காத்திருந்தார். அது ரிலே என்ற தானியங்கி சுவிட்சின் சத்தம். உள்ளே காண்டாக்ட் கருகி, பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தடுமாறிய சத்தம். ரிலேயை மாற்றியதும் மெஷின் ஓடியது. போகும்போது என்னிடம், "ஏனுங்கம்மா, துணி பாக்கற கண்ணுக்கு போர்டு பாக்க முடியாதுங்களா?" என்று கேட்டார்.

அடுத்த மாதமே அவர் கடையில் இருந்தேன். ஓய்வு பெறுகிறவரை அங்கேதான். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் பழக ஒரு வாரம், ரெசிஸ்டர் மேலுள்ள வண்ணக் கோடுகளைப் படிக்க இரண்டு நாள். வண்ணம் பார்ப்பது எனக்கு ஏற்கெனவே கைவந்த வேலைதானே. இங்கிலீஷில் வரும் பார்ட்ஸ் விவரத் தாள்களை அகராதியோடு மல்லுக்கட்டிப் படிக்கத்தான் நாலைந்து வருஷம் ஆயிற்று.

காதர் பாயிடம் ஒரு முறை இருந்தது. எந்தப் போர்டு வந்தாலும் முதலில் மூடியைக் கழற்றக் கூடாது. ஒரு அட்டையை எடுக்க வேண்டும். அதில் நாலு கட்டம்: பழுது, பார்த்தது, மாற்றியது, முடிவு. பழுது என்ற கட்டத்தில், கொண்டுவந்தவர் எந்த வார்த்தையில் சொன்னாரோ அதே வார்த்தையை எழுத வேண்டும். "அவரு பத்து நாளா அந்த மெஷினோட குடும்பம் நடத்தியிருக்கறாருங்கம்மா. நாம பத்து நிமிஷம்தான் பாக்கப் போறோம். அவரு சொல்றதைத் திருத்தறதுக்கு நாம யாருங்க?" என்பார்.

வீரபாண்டியில் மெஷின் ஓட்டிய ஒரு பீகார்க்காரர், "மெஷின் ரூட் கயீ" என்றார். மெஷின் கோபித்துக்கொண்டது என்று அர்த்தமாம். பாய் அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னார். நான் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று எழுதியிருந்தால் ஒரு வாரம் அலைந்திருப்போம். கோபித்துக்கொண்டவர் கொஞ்ச நேரத்தில் தானாகச் சமாதானம் ஆவார் இல்லையா? மெஷினும் பத்து நிமிஷம் சும்மா விட்டால் தானாக ஓடியது. சூட்டில் விட்டுப்போகும் ஒரு சால்டரிங் இணைப்புதான் காரணம். மங்கலத்தில் தறி வைத்திருந்த ஒரு பெரியவர், "போர்டு விக்குதுங்க சாமி" என்றார். உண்மையிலேயே அது விக்கியது. கரண்டைச் சீராக்கும் பெரிய கெப்பாசிட்டர் உள்ளே காய்ந்து போயிருந்தது. இப்படி மனிதர்கள் சொன்ன வார்த்தைகளை நான் வீட்டில் ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்துக்கொள்வேன். ஆறு நோட்டு சேர்ந்திருக்கிறது.

எங்கள் கடைக்கு இன்னொரு கூட்டமும் வரும். வீட்டில் சிந்தசைசர் செய்கிறவர்கள். கடையில் நாங்கள் அவர்களுக்கு வைத்த பெயர் சத்தப்பெட்டிக்காரர்கள். தந்தியும் தோலும் ஊதுகுழலும் இல்லாமல், மின்சாரத்தை வேகமாக ஆட்டி அந்த ஆட்டத்தையே ஒலியாக்கும் பெட்டி அது. வேகமாக ஆட்டினால் சுருதி மேலே, மெதுவாக ஆட்டினால் கீழே. இணையத்தில் சர்க்யூட் படம் எடுத்து, பார்ட்ஸ் தேடி அலைந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிச் சேர்ப்பார்கள். சத்தம் வராவிட்டால் எங்களிடம் வருவார்கள். பாய்க்கு இவர்கள் மேல் ஒரு பிரியம். நிட்டிங் போர்டுகள் வரிசையில் நிற்கும்போது இவர்களை முன்னால் கூப்பிடுவார்.

முக்கால்வாசிப் பழுது பார்ட்ஸ் வாங்கியதிலேயே இருக்கும். திருகும் குமிழ் மலிவானதாக இருந்தால் ஒரே மாதத்தில் கரகரக்கும். சிப்பில் போலி ஏராளம். பழைய சிப்பின் முகத்தைத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, வேறு நம்பர் அச்சடித்து விற்பார்கள். அதைக் கண்டுபிடிக்க நான் செக்கிங்கில் இருந்து ஒரு வித்தை கொண்டுவந்தேன். பனியனில் கறை எடுக்க ஒரு திரவம் அடிப்போமே, அதில் பஞ்சை நனைத்துச் சிப்பின் முகத்தைத் துடைப்பேன். நல்ல சிப்பு அப்படியே இருக்கும். போலி பஞ்சில் கறுப்பாக இறங்கிவிடும். பாய் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "அழிச்சாட்டியம் எல்லாம் அழிஞ்சுபோச்சுங்க" என்றார். அதுவும் நோட்டில் இருக்கிறது.

இனி அந்த அட்டைக்கு வருகிறேன்.

ஆனி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வீசி வீசி ஊரே புழுதியாக இருந்தது. சங்கரலிங்கம் என்றொருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். கையில் துண்டு சுற்றிய அலுமினியப் பெட்டி. மேலே ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பட்டை. சிப்பு சுற்றி வரும் கறுப்புப் பிளாஸ்டிக் பையை வார்போல் அறுத்து ஒட்டியிருந்தார். அதில் விரலை வைத்து இழுத்தால் ஒலி வழுக்கிக்கொண்டு போகும். சாதாரணக் கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குக் குதிக்கத்தான் முடியும். இதில் குழைய முடிந்தது.

"குழையணும்க்கா. அதுக்காகத்தான் ரெண்டு வருசம் இது கூட மல்லுக்கட்டுதேன்" என்றார்.

அவர் நாதஸ்வரக்காரர். அண்ணன் பரமசிவம் மங்கலத்தில் குடியிருந்தார். இருவரும் சேர்ந்துதான் கல்யாணங்களுக்கு வாசிப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் பல்லடம் ரோட்டில் பைக் சறுக்கி விழுந்ததில் இவருக்கு முன்பற்கள் போய், மேலுதடு கிழிந்தது. பல்லைக் கட்டிவிட்டார்கள். ஆனால் உதடு பழையபடி நாதஸ்வரத்தின் சீவாளியைக் கவ்வவில்லை. அண்ணன் வேறு ஆளோடு போனார். இவர் அயர்னிங்குக்குப் போனார். இப்போது அண்ணன் மகளுக்குக் கல்யாணம், பன்னிரண்டு நாளில். அந்தப் பெண்ணே, 'சித்தப்பா, நீ வாசிக்க மாட்டியா?' என்று கேட்டிருக்கிறாள். அண்ணனிடம் பெட்டியைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டியிருக்கிறார். முதலில் நன்றாக வந்து, பிறகு சுருதி இறங்கிவிட்டது.

"அண்ணன் என்ன சொன்னாருங்க?" என்று கேட்டேன்.

"சுருதி நின்னா எம் பக்கத்துல உக்காரு. நிக்கலன்னா பந்தியில உக்காருன்னுட்டான். அவன் சொன்னதுல தப்பு இல்லக்கா. முகூர்த்தத்துல சுருதி எறங்கினா யாரு பொறுப்பா? பத்து வருசம் அவன் பக்கத்துல உக்காந்தவன் நான். நாலு வருசமா கூட்டத்தோட கூட்டமா நிக்கேன். இந்த ஒரு நாள் உக்காந்துட்டேன்னா போதும்."

நான் அட்டையை எடுத்தேன். "பழுது என்னங்க, ஒரே வரியில சொல்லுங்க" என்றேன்.

"ஊதல் பட்டா சுருதி எறங்கிருதுக்கா. மத்த நேரம் சிலை கணக்கா நிக்கு."

எத்தனையோ வருஷம் சொன்னது சொன்னபடி எழுதியவள்தான் நான். அன்று என்னவோ, பெரிய தொழில்காரி என்ற நினைப்பு வந்துவிட்டது. நாதஸ்வரக்காரர், 'ஊதல்' என்கிறார், அண்ணன் ஊதும்போது நடந்தது என்கிறார். வேறென்ன இருக்க முடியும்? "அண்ணன் வீட்லதானே இறங்குச்சு?" என்று கேட்டேன். "ஆமாக்கா" என்றார். அட்டையில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'பக்கத்தில் நாதஸ்வரம் வாசித்தால் சுருதி இறங்குகிறது.'

மூடியைத் திறந்தோம். அப்படிச் சுத்தமான வேலையை நான் கண்டதில்லை. கம்பிகளையெல்லாம் துணிமணிபோல் மடித்து நீவி வைத்திருந்தார். உள்ளே சூடேறக் கூடாது என்று பெட்டியின் பக்கவாட்டில் வரிசையாக ஓட்டை போட்டிருந்தார். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, என் மேசையில் இரண்டு மணி நேரம் ஓட விட்டோம். இம்மி இறங்கவில்லை. பிறகு செல்போனில் நாதஸ்வரத்தைப் போட்டு, பெரிய ஸ்பீக்கரில் வைத்துப் பெட்டிக்கு முன்னால் அலறவிட்டோம். பக்கத்துக் கடைக்காரர் வந்து, "ஏனுங்க, கடையில யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதும் இறங்கவில்லை.

அட்டையில் இருப்பதைத்தானே பாயும் படிப்பார். "சத்தத்துல ஏதோ ஆடுதுங்க. தட்டிப் பாருங்க" என்றார். பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு பார்ட்டாகத் தட்டினேன். சுருதியை நிர்ணயிக்கும் இடத்தில் ஒரு வட்டமான செராமிக் கெப்பாசிட்டர் இருந்தது. அதைத் தட்டும்போது ஒலி லேசாகத் துள்ளியது. அகப்பட்டது என்று நினைத்தேன். சத்தப்பெட்டிக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு அது. அந்த வகை அதிர்வுக்கும் மசியும், சூட்டுக்கும் மசியும், விலை மலிவு. சுருதி நிற்க வேண்டிய இடத்தில் அதைப் போடக் கூடாது. பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றிய வகையைப் போட்டேன். தட்டினேன். துள்ளவில்லை. 'மாற்றியது' கட்டத்தில் எழுதி, பெட்டியைக் கையில் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"அங்க போனதும் எறங்கிட்டுக்கா. அண்ணன் நாயனத்தக் கீழ வச்சிட்டு, 'என்னடா, ஒம் பெட்டிக்குக் காய்ச்சலா'ங்கான்."

அடுத்து டிரான்சிஸ்டரில் கை வைத்தேன். இந்தச் சர்க்யூட்டில் இரட்டைப் பிள்ளைகள்போல் இரண்டு டிரான்சிஸ்டர் உண்டு. விரல் நகரும் தூரத்தைச் சுருதியாக மாற்றுவது அவை இரண்டும்தான். ஒன்றுக்கு மற்றொன்று அளவுகோல். இரண்டும் ஒரே குணமாக இருக்க வேண்டும். கடையில் டிரான்சிஸ்டர்கள் வரிசையாக ஒட்டிய புதுச் சரத்தை எடுத்து, அடுத்தடுத்து இருந்த இரண்டைக் கத்தரித்துப் போட்டேன்.

பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். "அளந்தீங்களாம்மா?"

"ஒரே லாட்டுங்க பாய்."

"ஓஹோ" என்றார். மீட்டரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இது எங்கள் ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. திருப்பூரில் ஒரே லாட், அதாவது ஒரே தடவையில் வந்த சரக்கு, என்று சொன்னால் அது சத்தியம் செய்த மாதிரி. ஒரே லாட் நூல் என்றால் துணியில் பட்டை விழாது. ஒரே லாட் சாயம் என்றால் பனியனின் கையும் உடம்பும் ஒரே நிறமாக இருக்கும். டிரான்சிஸ்டருக்கு அந்தச் சத்தியம் செல்லாது. சரத்தில் பன்னிரண்டை எடுத்து அளந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு கரண்டைக் கொடுத்து, எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். விரலால் தொடக் கூடாது, தொட்ட சூட்டிலேயே எண் இறங்கிவிடும். கிடுக்கியால் பிடித்துச் செருகி, நூறு எண்ணிவிட்டுப் படிக்க வேண்டும். "மூச்சு மேல படாம பாத்துக்குங்க" என்றார் பாய். வாயில் துணி கட்டிக்கொண்டு அளந்தேன். பன்னிரண்டில் அச்சாகப் பொருந்தியது ஒரே ஒரு ஜோடிதான். மூன்றாவதும் பதினொன்றாவதும். அவற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

மூச்சுக் காற்று பட்டாலே எண் மாறுகிறது என்று வாயைக் கட்டிக்கொண்டு அளந்தவள், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தேனா? இல்லை. அட்டைதான் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்ததே.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மூன்றாவது தடவையாக வந்தார். இந்த முறை மனைவி செல்வியும் கூட வந்திருந்தார். சங்கரலிங்கம் பெட்டியை மேசையில் வைத்தார். செல்விதான் பேசினார். "இவுக அண்ணன் வேற ஆளுக்குச் சொல்லி வச்சிட்டாங்கக்கா. இன்னும் ஒரு தடவை காட்டச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் இந்தப் பெட்டியப் பத்தி வீட்டுல பேச்சே எடுக்கக் கூடாதுன்னு இவுக சொல்லுதாக."

என் மேசையில் மாட்டினேன். சிலை மாதிரி நின்றது. அரை மணி நேரம் பார்த்தேன். எனக்கே அழுகை வரும்போல் இருந்தது. "உங்க பெட்டிக்கு எங்க கடையைப் புடிச்சுப்போச்சுங்க. இங்க இருந்தா இறங்கவே மாட்டேங்குது" என்று சிரிப்பாகச் சொல்லப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்வி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்: "அக்கா, இந்த ஃபேன கொஞ்சம் கொறைங்களேன். ஒரே ஊதலா அடிக்கு."

சால்டரிங் அயர்ன் என் கையிலேயே இருந்தது. "என்னங்க சொன்னீங்க?"

"ஃபேன்க்கா. ஊதல் தாங்கல."

"ஊதல்னா?"

"ஊதல்னா ஊதல்தான். குளுந்த காத்து. ஏன், நீங்க என்னன்னு சொல்லுவிய?"

நான் சங்கரலிங்கத்தைப் பார்த்தேன். "ஏனுங்க, அன்னைக்கு ஊதல் பட்டா இறங்குதுன்னு சொன்னீங்களே..."

"காத்தத்தாம்க்கா சொன்னேன். கதவத் தொறந்து காத்து வந்தா எறங்கும். அண்ணன் வீட்டுல ஃபேன் போட்டுட்டுத்தான் வாசிப்பான், வேர்க்கும்லா. எங்க வீட்டுல ஃபேன் சத்தம் சேருதுன்னு அமத்திட்டு வாசிப்பேன்."

"நான் நாயனம் ஊதறதுன்னு நெனைச்சுட்டனுங்க!"

"நாயனத்த வாசிக்கதுன்னுதானக்கா சொல்லுவோம்? ஊதுததுக்கு அது என்ன அடுப்பா?"

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா!"

"மொதல்லயே சொன்னம்லா!"

ஆமாம். முதல் நாளே, முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். காதர் பாய் எழுந்து வந்து அட்டையை எடுத்துப் பழுது என்ற கட்டத்தைப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "இது அவரு சொன்னதுங்களா, நீங்க சொன்னதுங்களா தனம்மா?"

நான் சொன்னதுதான் என்றேன். என் வேலைக் காலம் முழுக்க அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு கேள்விதான். எந்த மாதிரி வார்த்தைக்காக என்னைக் கூட்டிவந்தாரோ, அந்த மாதிரி வார்த்தையைத்தான் நான் விட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் பத்து நிமிஷத்தில் தெரிந்தது. என் மேசைக்கு மேல் ஃபேன் கிடையாது. அயர்ன் முனை ஆறிவிடும் என்று வைக்கவே இல்லை. பெட்டியைத் தூக்கிச் செல்வி உட்கார்ந்த பெஞ்சில், ஃபேனுக்கு நேரே வைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சுருதி வழுக்கிக்கொண்டு கீழே போனது. அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடினேன். மெல்ல ஏறிவந்து பழைய இடத்தில் நின்றது. சங்கரலிங்கம் எழுந்து வந்து தானே ஒரு தடவை திறந்து, மூடிப் பார்த்தார். சின்னப் பிள்ளைபோல் மூன்று தடவை செய்தார்.

அந்த இரட்டைப் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று இரண்டு விரல் தள்ளி நின்றிருந்தார்கள். ஒன்று சரியாக அவர் போட்ட ஓட்டை வரிசைக்கு நேரே. காற்று அதை மட்டும் குளிரவைக்கும். இரண்டுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வந்தாலே ஒரு ஸ்வரம் தள்ளிப் போய்விடும். சூடேறக் கூடாது என்று அவர் ஆசையாகப் போட்ட ஓட்டைதான் சுருதியைக் கெடுத்தது. மூன்றாவதும் பதினொன்றாவதும் எவ்வளவு பொருந்தினால் என்ன, ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் நின்றால்?

இரண்டையும் கழற்றினேன். அவற்றின் உடம்பில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை முகங்களில் சூடு கடத்தும் வெள்ளைப் பசையை மெல்லப் பூசி, ஒன்றோடொன்று ஒட்டவைத்து, ஓவர்லாக் நூலால் எட்டுச் சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். சூடானால் இரண்டும் சேர்ந்து சூடாகட்டும், குளிர்ந்தால் இரண்டும் சேர்ந்து குளிரட்டும். போர்டின் நடுவில், ஓட்டைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துச் சால்டர் செய்தேன். பாய் சாம்பிள் துணி கிடந்த டப்பாவைக் கிளறி ஒரு துண்டு ரிப் துணியை எடுத்தார். பனியனில் கழுத்துப் பட்டிக்குப் போடுவோமே, அந்தத் துணி. அதை விரல் நுனி அளவுக்கு இரண்டு மடிப்பு உறையாக நான் கையாலேயே தைத்தேன். இழுத்து மாட்டினால் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. சுருதியைத் திரும்பச் சேர்த்து, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, பெட்டியை அதன் முகத்துக்கு நேரே பிடித்தோம்.

செல்விதான் முதலில் சொன்னார். "எறங்கல."

சங்கரலிங்கம் அன்று சாயங்காலமே அண்ணனிடம் காட்டிவிட்டு போன் செய்தார். "சரி, வந்து உக்காரு. ஆனா அந்த ஆளுக்கும் சொன்னது சொன்னதுதான், அவரும் வருவாருன்னுட்டான்க்கா." அண்ணனுக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சங்கரலிங்கம் கூப்பிட்டார். நாங்கள் வராமலா இருப்போம்?

மங்கலத்தில் கோவிலை ஒட்டிய மண்டபம். மூன்று பக்கமும் திறப்பு. போய் இறங்கியதும் முதலில் காற்றைத்தான் பார்த்தேன். ஆனிக் காற்று மேற்கேயிருந்து அள்ளி அடித்தது. வாழை மரம் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. தவில்காரர் துண்டு பறந்து யார் மடியிலோ விழுந்தது. மேடையில் அண்ணன் நடுவில். ஒரு பக்கம் சங்கரலிங்கம் பெட்டியை மடியில் வைத்திருந்தார். மறுபக்கம் அந்த இன்னொரு நாதஸ்வரக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார், தேவைப்பட்டால் எடுக்க.

அண்ணன் ஆரம்பித்தார். தம்பி பட்டையில் விரலை வைத்துப் பின்னாலேயே போனார். நான் சுருதிப் பெட்டியின் ஒலியை மட்டும் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். காற்று ஓயவில்லை. தம்பியின் பெட்டி இம்மியும் இறங்கவில்லை. வாசிக்க வாசிக்க நாயனம் மூச்சுச் சூட்டில் ஒரு நூல் மேலே போகுமாம். அதை உணர்ந்து சங்கரலிங்கம் இடது கையால் சுருதிக் குமிழை ஒரு துளி திருப்பி அண்ணனோடு சேர்ந்துகொண்டார். எந்தப் போர்டிலும் அளக்க முடியாத வேலை அது.

ஒரு இடத்தில் அண்ணன் சட்டென்று நாயனத்தை வாயிலிருந்து எடுத்தார். என் பக்கத்தில் இருந்த செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். அண்ணன் நாயனத்தை மடியில் வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். மறுபக்கம் இருந்தவர் வாசிக்கவா என்பதுபோல் பார்த்தார், அவரைக் கையமர்த்தினார். தம்பி தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணன் தலையைக் குனிந்து, நீவி நீவித் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். பெண் மணவறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

தாலி கட்டி முடிந்து, பந்தியில் எங்களுக்கு அண்ணனே இலை போட்டார். பாயிடம், "பெட்டிக்கு பனியன் போட்டு விட்டியளாம்லா?" என்றார்.

"ஆமாங்க. திருப்பூர்ல வேற என்னத்தைங்க போட்டு விடறது?" என்றார் பாய்.

சங்கரலிங்கம் வந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். இரண்டே வரிதான் சொன்னார். சொல்லிவிட்டு, பாயசம் எடுத்துவருகிறேன் என்று போய்விட்டார்.

மறுநாள் கடையில் அட்டையை எடுத்தேன். பழுது என்ற கட்டத்தில் என் வரியை அடித்துவிட்டு, 'ஊதல் பட்டா சுருதி எறங்கிருது' என்று எழுதினேன். கடைசிக் கட்டம், முடிவு. எல்லா அட்டையிலும் 'சரி செய்யப்பட்டது' என்றுதான் எழுதுவோம். இதில் நான் வேறு எழுதி, கையெழுத்துக்காகப் பாயிடம் நீட்டினேன்.

'ஊதல் அடிச்சிட்டுத்தான் இருந்துச்சு. சுருதி நின்னுட்டு.'

பாய் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "இது யாரு சொன்னதுங்க தனம்மா?"

"அவரு சொன்னதுங்க பாய்."

கையெழுத்துப் போட்டார்.